சாம்பிள் ஷெட்டின் தூசி டிரம்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்று அமர்ந்திருக்கிற அண்ணன் நேசமணி அவர்களே! ஷிப்ட் முடித்து முகம்கூடக் கழுவாமல் வந்துவிட்ட தோழர்களே! சங்கத்தை வளர்த்த பெரியவர்களே! பாலகாட் லைன் வீடுகளிலிருந்து பிள்ளைகளை இடுப்பில் சுமந்து வந்திருக்கிற தாய்மார்களே! கணவன் சம்பங்கியைப் பறிகொடுத்துவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற தங்கை கிருஷ்ணம்மா அவர்களே! உங்கள் அனைவரையும், மெஷின்களைப் பழுது பார்க்கும் பிட்டர் முனுசாமி கைகூப்பி வணங்குகிறேன்.

மறைந்த சம்பங்கி யார்? சுரங்கத்துக் கல்லை இடித்துப் பொடியாக்கி, இதில் பொன் உண்டா இல்லையா என்று பார்க்க அனுப்புகிறார்களே, அந்தச் சாம்பிள் ஷெட்டில் வேலை பார்த்தவன். சுரங்கத்துக்குள் ஆளை இறக்குகிற கேஜில் ஏறி இறங்காதவன். "மேலேதானே வேலை, உனக்கின்னாப்பா ராஜா!" என்று நாமே அவனைக் கேலி செய்தோம். அந்த ராஜா கல்லை இடித்தான், கல்தூசியைக் குடித்தான், கல்லாய்க் கனத்த நெஞ்சோடு கண்ணை மூடினான். நாளைக் காலை அவன் வேலைக்கு அவன் மகன் ராஜேந்திரன் போகிறான். அதே ஷெட், அதே மெஷின், அதே தூசி. அதைப் பேசத்தான் இங்கே நிற்கிறேன்.

தூசியைப் பிடிக்க அங்கே ஒன்றுமே இல்லையா என்று அந்தப் பக்கத்திலிருந்து கேட்கிறார்கள். இருந்தது ஐயா, ஒரு காற்றாடி! உள்ளே இருக்கும் தூசியை உறிஞ்சி ஜன்னலுக்கு வெளியே துப்பும். காற்று திரும்பினால் அதே தூசி வாசல் வழியாக வந்து சேரும். அதன் வாயில் சாக்கைக் கட்டினோம், அடைத்துக்கொண்டது. ஈரச் சாக்கைக் கட்டினோம், சேறாய் விழுந்தது. அதன்பிறகு நானும் சம்பங்கியும் ஓர் எண்ணெய் டிரம்மை வெட்டினோம். தூசி வரும் குழாயை நேராக விடாமல் ஓரமாக நுழைத்தோம். ஏன்? காற்று சுவரோரம் சுழல வேண்டும். சுழன்றால் தூசி சுவரில் மோதிக் கீழே சறுக்கும். கீழே தகரப் புனல், அதற்கும் கீழே டப்பா. தெளிந்த காற்று மட்டும் நடுக்குழாயில் ஏறிக் காற்றாடிக்குப் போகும். டப்பாவின் வாய்க்குச் சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினோம். அங்கே துளி சந்து இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே பாய்ந்து, விழுந்த தூசியை மறுபடி மேலே தூக்கிவிடும்.

ஓட்டினோம். டப்பா நிறைந்தது தோழர்களே, நிறைந்தது! கிருஷ்ணம்மா ஓடிவந்தார். "அண்ணே, இன்னா மாயம் பண்ணீங்க? இன்னிக்கு அவரு இருமாம சோறு துன்னாரு!" என்றார். கைதட்டாதீர்கள் தம்பி, இன்னும் கேளுங்கள்.

ஆயுத பூசை வந்தது. மெஷினுக்கு மாலை, காற்றாடிக்கு மாலை. "எல்லாத்துக்கும் போட்டீங்க, உசுரக் காப்பாத்தற டப்பாவுக்கு இல்லியா?" என்றார் மேஸ்திரி ராஜப்பா. அதைக் கழற்றிக் கழுவி, சந்தனம் தடவி, வாயைச் சுற்றிச் சாமந்தி மாலை கட்டி, பக்தியோடு திரும்ப மாட்டினோம். மாலை கட்டிய வாழைநார், ரப்பருக்கும் தகரத்துக்கும் நடுவில் சிக்கிக்கொண்டதை யார் கண்டது? பூசைக்குப் போட்ட மாலை வாடுவதற்கு முன் எவன் கை வைப்பான்? மறுநாள் ஆபீசிலிருந்து எஞ்சினியர் வந்தார், டிரம் இருக்கலாமா கூடாதா என்று முடிவு சொல்ல. வெள்ளைச் சட்டையோடு, காற்றாடி துப்புகிற ஜன்னலுக்கு வெளியே நேராக நின்றார். ஓட்டினோம். தூசி அத்தனையும் அவர்மேல்! சிரிக்கிறீர்களா? சிரியுங்கள் அம்மா, நாங்களும் சிரிப்பை அடக்கத்தான் பாடுபட்டோம், "கழட்டிப் போடு இந்தத் தமாஷை" என்று அவர் சொல்லும் வரைக்கும்.

கழற்றும்போதுதான் அந்த நசுங்கிய நாரைச் சம்பங்கி கண்டான். கையில் எடுத்துக்கொண்டு ஆபீசுக்கு ஓடினான். "சார், இதான் சார் சந்து! இன்னொரு தபா ஓட்டிக் காட்டறேன், வந்து பாருங்க சார்!"

"ஆர்டர் ஆயிடுச்சு, போய்யா."

டிரம் பழைய இரும்போடு போனது. இருமல் திரும்பி வந்தது. இன்றைக்கு அவன் படத்துக்கு நாம் மாலை போட்டிருக்கிறோம்.

கேட்கிறேன்! ஒரு முழம் பூவுக்கு ஒரு மனிதனின் மூச்சு விலையா? ஒரு சட்டை அழுக்கானதற்கு ஒரு குடும்பம் அழ வேண்டுமா? பொடியிலே பொன்னைத் தேடுகிறவர்களே, அந்தப் பொடியிலே போன உயிரைத் தேடினீர்களா? நாளைக்கு ஒருவனும் அந்த ஷெட்டில் கால் வைக்கக் கூடாது என்று முழங்கத்தான் நான் இன்று வந்தேன். ஆனால் மேடை ஏறும்போது கிருஷ்ணம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, நீங்க இன்னா வேணா பேசுங்க. எம்புள்ளய வேலைக்குப் போவாதேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. அவன் போவலன்னா கம்பெனி குடுத்த லைன் வூட்டக் காலி பண்ணச் சொல்லுவாங்க. பொட்டப் புள்ளைங்கள இட்டுக்கினு நான் எங்கண்ணே போவேன்?"

நான் என்ன பதில் சொல்ல? நீங்கள் சொல்லுங்கள்! பெரியவர்களே, நீங்களாவது சொல்லுங்கள்! டிரம் வெட்டத் தெரியும் எனக்கு. இன்றே இன்னொன்று வெட்டுவேன். அதை ஷெட்டுக்குள் வைக்க விடுவார்களா? விடும்வரை அந்தப் பிள்ளை எதை மூச்சாக இழுப்பான்? எனக்குத் தெரியவில்லை ஐயா.

தம்பி ராஜேந்திரா, எங்கே நிற்கிறாய்? போய் வா அப்பா. மூக்கில் ஈரத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு போ. அதற்குமேல் உனக்குச் சொல்ல இந்தச் சங்கத்திடம் ஒன்றும் இல்லை. இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி. வணக்கம்.