கொஞ்ச நாளைக்கு உங்க மாடியில

அங்க வேணாம் சார், அந்த மூலையில மத்தியான வெயில் நேரா இறங்கும். இப்படி சுவரோரமா வைங்க. ஆங், பாத்து, பாத்து. தெரு முனையிலேருந்து தூக்கிட்டு வந்தது, அதுக்கு மேல உங்க மூணு மாடி. மூச்சு வாங்குது போங்க.

இது மல்லி. பூத்து முடிஞ்சதும் ஈவு இரக்கம் பாக்காம கிளையை வெட்டி விட்டுடணும். பாவம் பாத்தீங்கன்னா வெறும் இலையாத் தழைச்சு உங்களுக்கே டாட்டா காட்டும். இது மனோரஞ்சிதம். பூ பச்சையா இலைக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டு இருக்கும், தேடினாலும் கிடைக்காது. மஞ்சளாப் பழுக்கும் பாருங்க, அன்னிக்கு மாடிப்படி பூரா மணக்கும். அந்த ஒல்லிக்குச்சி இரவு ராணி. பகல்ல ஒண்ணுமே தெரியாத மாதிரி நிக்கும், ராத்திரியானா ஆளையே தூக்குற வாசனை, சரியான கமுக்கம்.

பூச்சியா? ஓ, என் பையன் உங்ககிட்டயும் சொல்லிட்டானா! இலையைத் திருப்பிப் பாருங்க சார், ஒரு புள்ளி இருக்கா? பூச்சியும் இல்ல, மண்ணும் இல்ல. அது நான் வீட்டுல அவிழ்த்து விட்ட பொய்.

சொல்றேன், உக்காருங்க. நான் பஸ் ஓட்டின ஆளு. என் மூக்கு பொல்லாதது. பிரேக் லேசா கருகினாலே மோப்பம் பிடிச்சிடுவேன். ஆனா வீட்டுக்குள்ள நடந்ததுதான் பிடிபடல. என் மருமக திடீர்னு பால்கனி கதவைச் சாத்த ஆரம்பிச்சிடுச்சு. மல்லி பூத்தா முதல் ஆளா வந்து மோந்து பாக்குற பொண்ணு சார் அது. இப்ப மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடுது. எனக்கு சுர்ருனு வந்துச்சு. செடி ஆகலைன்னா நானும் ஆகலைன்னுதானே அர்த்தம்னு மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு உக்காந்துட்டேன். சாப்பிடக் கூப்பிட்டா பசிக்கலைன்னேன். பசி காதை அடைச்சுது, அது வேற விஷயம்.

அப்புறம் ஒருநாள் காலையில பாத்ரூம்ல சத்தம். குழாயைத் திறந்து விட்டுட்டு வாந்தி எடுக்குது, வெளிய கேக்கக் கூடாதாம். வந்து, எண்ணெய்ப் பலகாரம் ஒத்துக்கல மாமான்னு சிரிக்குது. எங்க வீட்டு அடுப்புல எண்ணெய்ச் சட்டி ஏறியே எத்தனையோ நாளாச்சு.

ஆமா சார், அதேதான். மெதுவாப் பேசுங்க.

போன தடவை தெரிஞ்ச அன்னிக்கே எல்லாருக்கும் போன் போட்டு சந்தோஷமாச் சொல்லிச்சு. அது நிலைக்கல. அப்புறம் வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் நடந்ததையும் அதே பொண்ணுதான் சொல்ல வேண்டியதாப் போச்சு. பக்கத்து ரூம்ல உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தேன் சார், நெஞ்சு அப்படியே வெந்து போச்சு. அதான் இந்தத் தடவை அந்தப் பொண்ணு வாயே திறக்கல. தைரியம் வரும்போது சொல்லட்டும். அதுக்காக வாசனையில தவிக்கட்டும்னு விட முடியுமா? அதான் வாசனைத் தொட்டிக்கெல்லாம் பூச்சி விழுந்துடுச்சு.

திருப்பி எப்ப எடுத்துக்குவேனா? குழந்தை நல்லபடியா வந்து சேரட்டும் சார், அப்புறம் எடுத்துக்கலாம். இப்ப எனக்கு அந்தக் கவலை இல்ல. அந்தப் பொண்ணு என்னிக்காவது வந்து, மாமா ஒரு விஷயம்னு ஆரம்பிக்கும். அன்னிக்கு நான் அப்படியே அசந்து போய் நிக்கணும். தினம் ஷேவ் பண்ணும்போது கண்ணாடியில பழகிக்கிட்டுத்தான் இருக்கேன், ஒவ்வொரு தடவையும் அழுகைதான் வருது.