ஒட்டுத்தாள்

பழைய செய்தித்தாளை எச்சில் தொட்டுப் புரட்டக்கூடாது ஐயா. நம் நூலகத்தின் செய்தித்தாள் பிரிவுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது அதைத்தான். ஓரம் நொறுங்கிவிடும். நொறுங்கினால் என்னிடம்தான் வரும். கிழிசலுக்குப் போடும் ஒட்டுத்தாளைக் கத்தரிக்கக்கூடாது, கையால்தான் கிழிக்க வேண்டும். அப்போதுதான் பக்கத்தோடு சேர்ந்துபோகும். மாவுப் பசை தடவி நகத்தால் நீவிவிடுவேன். "அக்கா ஒட்டினா கிழிச்சவனுக்கே இடம் தெரியாது" என்பார் நம் பைண்டர்.

ஆனால் ஸ்கேன் எடுக்கிற பெண் பக்கத்துக்கு அடியில் விளக்கைப் போட்டதும், என் ஒட்டுகளில் சிலவற்றுக்குக் கீழே எழுத்து தெரிந்துவிட்டது. வெவ்வேறு வருஷம், ஒரே விளம்பரம். "கிழியாத இடத்துல எதுக்கும்மா ஒட்டு?" என்று கேட்டீர்கள். நேற்று பசைக் கிண்ணத்தைக் கழுவப் போய்விட்டேன். உங்கள் முகத்தைப் பார்க்காமல் இன்று சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஒருநாள் பஸ் நிலையக் கூட்டத்தில் ஒரு குழந்தை என் விரலைப் பிடித்தது. வேறு யாரோ என்று நினைத்திருக்கும். நிமிர்ந்து பார்த்துவிட்டு அழுதது. தூக்கினேன், அழுகை நின்றது. போலீஸ் நிலையம் வழியில்தான் இருந்தது. ஆனால் அது தோளில் தூங்கிவிட்டது. "பாவம், எழுப்பாதே. காலைல ஒப்படைச்சிடலாம்" என்றார் வீட்டுக்காரர். காலையில் அது அவர் மீசையைப் பிடித்து இழுத்து விளையாடியது. அந்த மாதமே வீடு மாற்றினோம். கேட்டவர்களிடம் தங்கை பிள்ளை என்றோம்.

காணவில்லை என்ற விளம்பரம் வந்தது. பேப்பர் முதலில் என் கைக்குத்தானே வரும், பார்த்தேன். பார்த்துவிட்டு அடுக்கில் வைத்தேன். வீடுகளில் அன்றைய பேப்பர் மறுநாள் பொட்டலம் கட்டப் போய்விடும். நம் நூலகத்தில்தான் செய்தி சாவதில்லை.

வருஷம் தவறாமல் அதே விளம்பரம் வந்தது. அதற்குள் என் மகள் பள்ளிக்கூடம் விட்டு நேரே இங்கே வரத் தொடங்கியிருந்தாள். கண்ணில் பட்டதையெல்லாம் எழுத்துக்கூட்டி உரக்கப் படிப்பாள். ஒருநாள், "காணவில்லை... மூன்று வயது... இடது காதுக்குக் கீழே தீக்காயத் தழும்பு... அம்மா, என்னை மாதிரியே!" என்று சிரித்தாள்.

"ஆமாண்டி, ஊர்ல உனக்கு மட்டுந்தான் தழும்பா? போய்க் கை கழுவிட்டு வா" என்றேன்.

அவள் வருவதற்குள் முதல் ஒட்டு முடிந்துவிட்டது. பிறகு பழைய பக்கங்களையும் தேடி ஒட்டினேன். காதை மூடித் தலை வாரிவிடவும் அன்றுதான் பழக்கினேன்.

இதுவரை நீங்கள் மன்னிக்கக்கூடும். எனக்குச் சோறு இறங்காமல் செய்வது வேறு.

ஒரு வருஷம், விளம்பரம் வந்த அன்றே பெற்றவள் இங்கே வந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. "படிச்சவங்க வர்ற எடத்துல நம்ம சேதி இருக்கான்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேம்மா" என்றாள். நான் ஏற்கெனவே ஒட்டியிருந்தேன், பசைகூடக் காயவில்லை. அதனால் அதற்குப் பக்கத்திலிருந்த விளம்பரத்தைக் காட்டினேன். பழைய தண்ணீர் மோட்டார் விற்பனைக்கு என்று இருந்தது. அதன்மேல் விரல் வைத்து, அவள் பிள்ளையின் அடையாளங்களைப் படிப்பது போலச் சொன்னேன். எனக்குத்தான் மனப்பாடமாயிற்றே.

"ஒரு கை சோறு ஊட்டினா நமக்கு ஒரு கை ஊட்டும், அதப் போடச் சொன்னேனே. போட்டிருக்காங்களா?"

"போட்டிருக்காங்க."

அந்த மோட்டார்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். "நீங்க நல்லாருக்கணும் தாயி" என்றாள். அதன்பிறகு ஒவ்வொரு வருஷமும் வந்தாள். ஒவ்வொரு வருஷமும் ஏதோ ஒரு விளம்பரத்தைத் தொட வைத்து அனுப்பினேன். வாடகை வீடு, தையல் இயந்திரம், கையில் கிடைத்தது எதுவோ அது.

என் மகளுக்கு எதுவும் தெரியாது. தெரிந்தால் என்னை அம்மா என்று கூப்பிடமாட்டாள். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இவ்வளவும்.

ஆனாலும் என்னை அப்படியே கல்நெஞ்சுக்காரி என்று மேலிடத்துக்கு எழுதிவிடாதீர்கள். போன மாதம்கூட அந்தப் பெற்றவள் வந்தாள். கண் மங்கிவிட்டது, நடையும் தள்ளாடியது. என்னை அழைத்துப்போக வந்திருந்த மகளிடம், "பாட்டிய வாசல் வரைக்கும் விட்டுட்டு வாடி" என்றேன். கைப்பிடித்து, ஒவ்வொரு படியாகச் சொல்லிச் சொல்லி இறக்கிவிட்டாள். கீழே போனதும் கிழவி அவள் முகத்தைத் தடவிப் பார்த்து ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள். மாடியிலிருந்து பார்த்தேன். எனக்கு நிறைவாக இருந்தது ஐயா. பெற்றவளுக்கும் பிள்ளைக்கும் நடுவில் நான் வந்து நின்றதாக யாரும் சொல்ல முடியாதல்லவா.