அணியில் சேர்ந்தது உம்மா

"என்னய எடுக்கல்ல சாச்சி, உம்மாவ எடுத்துட்டாங்க!"

புத்தளத்திலிருந்து கற்பிட்டிக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இருந்த பெண்பிள்ளை, பாலாவியில் ஏறிய, உம்மாவின் தங்கையான தன் சாச்சியிடம் இப்படிச் சத்தமாகச் சொன்னாள். பக்கத்தில் அவளுடைய உம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"எதுக்குடி எடுத்தாங்க?"

"ஸ்கேட்டிங் டீமுக்கு. சக்கரச் சப்பாத்துப் போட்டு, எல்லாரும் கை கோத்து ஒரே மாதிரி ஓடணும், ஒரே மாதிரி வளையணும்."

"ராத்தா, ஒங்களுக்கு ஓடத் தெரியுமா?" என்று சாச்சி தன் அக்காவின் பக்கம் திரும்பினார்.

"இவளக் கூட்டிட்டுப் போய் மாசக்கணக்கா சும்மாதானே குந்திட்டு இருந்தேன். மிச்சமாக் கிடந்த சப்பாத்தப் போட்டு, சுவரப் பிடிச்சுப் பிடிச்சுப் பழகினேன். இண்டைக்கு டீமுக்கு ஆள் எடுக்கக்குள்ள ஒரு புள்ள வரல்ல. டீச்சர் அந்த இடத்துல என்னய நிக்கச் சொன்னா."

"திரும்புற இடத்துல நான் பயந்து கைய விட்டுட்டேன் சாச்சி. உம்மா விடல்ல" என்றாள் மகள். "எனக்கு அழுகை வந்திச்சு. ஆனா உம்மா வளைஞ்சு வந்ததப் பாத்ததும் நான்தான் மொதல்ல கை தட்டினேன்."

"மச்சானுக்குத் தெரியுமா?"

உம்மா மகளைப் பார்த்தார். மகள்தான் போனை எடுத்து, வாப்பாவிடம் விசயத்தைச் சொல்லி, உம்மாவின் காதில் வைத்தாள்.

"ஓம், நான்தான்... இல்ல, விழல்ல... ஓம், எல்லாம் பொம்புளையள்தான்."

பிறகு உம்மா போனைக் காதோடு அழுத்திக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன சொல்றாரு ராத்தா?"

உம்மா போனைக் கையால் மூடினார். முகமெல்லாம் சிவந்திருந்தது.

"போட்டியண்டைக்கு முன் வரிசையில கதிரை பிடிக்கணுமாம். எத்தினை மணிக்கு வரணும் எண்டு கேக்குறாரு."