வெர்னாவுக்கு அருகே ஒரு நடிகர்

மேடையில் வீற்றிருக்கும் பல்கலைக்கழகத் தலைவர் அவர்களே, தேர்தல் நெருங்குவதால் பனியையும் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் செனட்டர் ஹாலோரன் அவர்களே, முன்வரிசையில் கேமராவோடு குந்தியிருக்கும் பத்திரிகைத் தம்பி, அழுதழுது மூக்கு சிவந்த டுலூத் நகரப் பெருமக்களே!

பேராசிரியர் வெர்னா லிண்ட்க்விஸ்ட் போய்விட்டார். அவர் கோபப்பட்டால் நம் ஊர் சுப்பீரியர் ஏரியே நாலடி பின்வாங்கும். அந்த வெர்னாவா போய்விட்டார்? எப்படி நம்புவேன்!

நடிகர்கள் போர்முகாமுக்குப் போய், சிப்பாயின் தோளில் கைபோட்டுப் படம் பிடித்து, அந்தப் படத்திலேயே ஏறி அரசியலுக்கு வந்த வரலாற்றை எழுதியவர் அவர். பழைய படங்களின் கீழே நடிகர் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். பக்கத்தில் நிற்பவன் 'பெயர் தெரியாத சிப்பாய்'. வெர்னா என்ன செய்தார்? தேடித் தேடிச் சிப்பாயின் பெயரைப் போட்டார். கூடவே, 'அருகே, ஒரு நடிகர்' என்றார்!

நமது செனட்டரும் அந்நாளில் நடிகர்தானே? புத்தகத்தில் தன் படத்தைப் பார்த்ததும் ஃபோனில் குதித்தார். வெர்னாவுக்குப் பெயர்களைத் தேடித் தரும் உதவியாளனான நான் அப்போது பக்கத்தில் இருந்தேன்.

"என்னம்மா, என் பேரையே காணோம்? என்னைத் தெரியாதவன் இந்த நாட்டுல உண்டா?"

"அதனாலதான் சார் போடல. அந்தப் பையனை அவங்கம்மாவுக்கு மட்டும்தானே தெரியும்?"

கடைசிப் புத்தகத்துக்கு ஒரே ஒரு பெயர் பாக்கி. செனட்டரின் இன்னொரு படம் அது: வியட்நாம் முகாம், அவர் கை தோளில் கிடக்க, தகரத்தட்டோடு சிரிக்கும் ஒரு பையன். செனட்டருக்கு நினைவில்லை. ராணுவத்துக்கும் தெரியவில்லை. "அப்படியே அச்சடிச்சிடலாம்" என்றார் பதிப்பாளர். "பேர் இல்லாம வராது" என்றார் வெர்னா. அதற்குள் புற்றுநோய் வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் கேட்டார்: "ஆர்வில், அவன் பேர் கிடைச்சுதா?"

"தேடிக்கிட்டேதான் இருக்கேன்."

"நீ தேடுற லட்சணம் தெரியாதா? கண்ணாடியை நெத்தியில வெச்சுக்கிட்டே வீட்டைப் புரட்டுறவன்!"

சிரித்தார். இருமினார். பிறகு, "விட்டுடாதடா, ஆர்வில். யாராவது அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருப்பாங்கல்ல?" என்றார். அதன்பின் அவர் பேசவில்லை.

ஐயோ, வெர்னா!

விடமாட்டேன். முன்னாள் ராணுவ வீரர்கள் கூடும் மன்றம் ஒவ்வொன்றின் கதவையும் தட்டுவேன். கண்ணாடியை மூக்கில்தான் போட்டுக்கொள்வேன். அந்தப் பையனின் பெயரோடுதான் புத்தகம் வரும். பதிப்பாளர் அவர்களே, கேட்டுக்கொண்டீர்களா?

பத்திரிகைத் தம்பி! செனட்டர் வெர்னாவின் படத்துக்குப் பூ வைத்தபோது விழுந்து விழுந்து படம் எடுத்தாயே, நாளை அதன் கீழே என்ன போடுவாய்? நான் சொல்கிறேன், எழுதிக்கொள்.

வெர்னா லிண்ட்க்விஸ்ட், வரலாற்றாசிரியர்.

அருகே, ஒரு நடிகர்.