ஒரு சுத்துக்கு ரெண்டு புளியமுத்து

பாத்துட்டியளா மூக்காண்டி அண்ணாச்சி? பாத்தா பாத்துட்டுப் போங்க, சத்தம் போட்டுராதிய. ஆமா, ரெண்டு முத்துதான் போட்டேன். சாமி காரியத்துல களவாங்கிய. களவுதான். இருபது வருசமா நூலகத்துல உக்காந்து புஸ்தகம் எண்ணுதவன், எனக்கு ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாதாக்கும்?

அந்தா கொடிமரத்தத் தாண்டிப் போறா பாருங்க, பச்சச் சீல. அதுதான் எம் பொஞ்சாதி அன்னக்கிளி. ஆடித்தபசுக்குள்ள நூத்தெட்டுச் சுத்து நேர்ந்துக்கிட்டு, மூணு நாளா பிரகாரத்தச் சுத்துதா. சுத்துதவளுக்கு எண்ணிக்கை நிக்காதுல்லா, அதான் புளியமுத்த எங்கிட்டக் குடுத்திருக்கா. ஒரு சுத்துக்கு ஒரு முத்து இந்தத் தூக்குவாளில போடணும். அவளுக்காகச் சுத்தல. என் நெஞ்சு படபடப்பு தீரணும்னு சுத்துதா.

சிரிக்காதிய. பதினோரு வருசம் ஆச்சு. சும்மா உக்காந்திருப்பேன், திடீர்னு நெஞ்சு ஆட்டுமந்தை மாதிரி ஓடும். ஓடுதது கூடப் பரவாயில்ல. நடுவுல ஒரு துடிப்பு விட்டுப்போகும் பாருங்க. சிவகிரி பஸ்ஸுக்கு நிக்க மாதிரிதான். வந்துரும்னு தெரியும். வாரவரைக்கும் வராதுன்னேதான் தோணும்.

கைய இப்பிடிப் பிடிச்சு நாடி பாத்துக்கிட்டே நடப்பனா, எதுக்க வாரவன் மணி என்ன சார்ங்கான். நானும் குத்துமதிப்பா ஒரு மணியச் சொல்லிட்டுப் போயிருவேன். மூணு தரம் ஈசிஜி எடுத்தாச்சு. எல்லா டாக்டரும் வாய்வுங்காவ. வாய்வுக்கு யாராவது உயில் எழுதுவாவளா? நான் ரெண்டு தரம் எழுதிருக்கேன். எங்க நூலகத்துல இருதய நோய்னு ஒரு புஸ்தகம் இருக்கு. எடுத்தவன் பேரு எழுதுத தாள்ல, மேலேருந்து கீழ வரைக்கும் சண்முகையா, சண்முகையா, சண்முகையா. நாந்தான்.

உங்க கடைலயே முந்தாநாள் வந்து கேட்டம்லா, வெள்ளித்தகட்டுல நெஞ்சு உருவம் இருக்கா, உண்டியல்ல போடணும்னு. கண்ணு இருக்கு, காலு இருக்கு, பாம்பு தேளு இருக்கு, நெஞ்சு மட்டும் இல்லன்னுட்டு முழு ஆளையே எடுத்து நீட்டுனிய.

என்னது? அவசரமா? எனக்கென்ன அவசரம், லீவு போட்டுட்டுத்தான் நிக்கேன். வெயிலுக்குன்னு வச்சுக்கிடுங்களேன். முதப் பத்து சுத்து யோக்கியமாத்தான் எண்ணுனேன். அதுக்கப்புறம் இவ வார வரத்தப் பாத்தேன், கை தானா ரெண்டு எடுத்துட்டு.

திடமான பொம்பளையா? எல்லாரும் அதத்தான் சொல்லுதாவ. நானும் அப்பிடித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். பஸ்ஸுல எனக்கு எடம் போட இவதான் ஓடுவா. பிளாஸ்க்கு, பை, என் ஈசிஜிக் கட்டு எல்லாம் இவ தோள்லதான். ராத்திரியானா இந்தக் கோயில் புத்துமண்ணக் குழைச்சு என் நெஞ்சுல பூசிவிடுவா.

போன வெள்ளிக்கிழம பாளையங்கோட்டைல புதுசா ஒரு டாக்டர்ட்டப் போனோம். மாடில இருக்காரு. நாலு படிக்கு ஒருக்க நின்னு, நாடி பாத்து, நான் ஏறுதேன். இவ பின்னால சுமையோட வாரா. டாக்டர் எனக்குக் குழாய வச்சுப் பாத்துட்டு ஒண்ணுமில்லன்னாரு. வழக்கம்தான். அப்புறம் செவத்தப் பிடிச்சுக்கிட்டு நின்ன இவளப் பாத்தாரு. நீங்க இப்பிடி உக்காருங்கம்மான்னாரு. எனக்கென்ன, அவுகளப் பாருங்கன்னு சொல்லுதா இவ. வச்ச குழாய அவரு எடுக்கல அண்ணாச்சி. ரொம்ப நேரம் எடுக்கல. அப்புறம் எனக்குச் சத்து மாத்திரை எழுதி, வாங்கிட்டு வாங்கன்னு இவளக் கீழ அனுப்பிட்டு, கதவச் சாத்துனாரு.

திரும்பி வார பஸ்ஸுல எப்பிடிச் சொல்லன்னு வார்த்தை தேடிக்கிட்டு வாரேன். இவ என் மொகத்தப் பாத்துட்டு, பயப்படாதிய, கோமதியம்மனுக்கு நூத்தெட்டுச் சுத்து நேர்ந்துட்டேன்னுட்டா. எங்க சொல்ல?

சொன்னா பயந்திருவா. பயம்னா என்னன்னு எனக்குத் தெரியும், பதினோரு வருசம் குடியிருந்த வீடு. அந்த வீட்டுக்கு அவளையும் கூட்டிட்டுப் போக மனசில்ல. இப்ப எல்லாம் அவ தூங்குனப்புறம் அவ கையப் பிடிச்சுத்தான் நாடி பாக்கேன். நேத்து முழிச்சுட்டா. அம்பது வயசுல இது என்ன புதுசாங்கா.

இந்தா, வந்துட்டா. பாருங்க, தூணப் பிடிச்சு நிக்கா. நூத்தேழு, நூத்தெட்டு. போட்டாச்சு. நெசத்துல அம்பத்தொம்பதுதான். மிச்சம் நாப்பத்தொம்பது என் கால்ல இருக்கு. நடந்தா நெஞ்சு நின்னுரும்னு பஸ் ஸ்டாண்டுக்கே நடக்காதவன்தான். ஆனா சுத்திருவேன். அம்மனுக்குக் கணக்கு கொறையாது, நீங்க கவலப்படாதிய.

அந்த முக்காலிய இங்கிட்டு நகத்துங்க. அவகிட்ட ஒண்ணும் சொல்லிராதிய. அவ நெஞ்சுல வால்வு சுருங்கிருக்காம் அண்ணாச்சி, சின்னப்புள்ளைல வந்த மூட்டுக்காச்சல்ல. மாடி ஏறக்கூடாது, சுமை தூக்கக்கூடாது, சீக்கிரம் மதுரைக்குக் கூட்டிட்டுப் போங்கன்னாரு. நாளைக்குப் போறோம். எனக்குப் பாக்கணும்னு சொல்லி வச்சிருக்கேன். எனக்குன்னாத்தான் வருவா.

ஏட்டி அன்னக்கிளி, நூத்தெட்டு ஆச்சு. வா, வந்து உக்காரு.