தானே தீப்பற்றும் சரக்கு

லொறியில் சரக்கு அடுக்குவது பெரிய வித்தையில்லை ஐயா. எதற்குப் பக்கத்தில் எது இருக்கக் கூடாது என்று தெரிந்தால் போதும். கொழும்புத் துறைமுகத்தில் வேலை பார்த்தபோது அதை நான் படித்தேன். சரக்கின்மேல் ஒட்டும் படங்களையும் படித்தேன்: விஷத்துக்கு மண்டையோடு, அசிட்டுக்கு அரிபடும் கை. மேலே வெள்ளையில் சுவாலை, கீழே சிவப்பு என்றால் தானாகவே தீப்பற்றும் சரக்கு. ஆகவே இந்தக் கச்சிமுகம்மது தெரியாமல் செய்தான் என்று எழுதாதீர்கள்.

அன்று வந்தது ஹைட்ரோஸ், நூலுக்குச் சாயம் போடும்போது சேர்க்கிற தூள். ஈரம் பட்டால் சூடாகிப் பற்றிக்கொள்ளும். பீப்பாய் மூடி துருப்பிடித்து நெளிந்திருந்தது. அக்கரைப்பற்றுத் தறிக்காரர்கள் அதற்காகக் காத்திருந்தார்கள். அதே லொறியில் மருதமுனைப் பெண்கள் அங்கே ஒரு கலியாணத்துக்குப் போக ஏறியிருந்தார்கள். சாரதி மீராமுகைதீன் சுவாலைப் படத்தைக் கண்டுவிட்டான்.

"காக்கா, இந்தப் படம் ஒட்டின சாமானோட ஆக்கள ஏத்த மாட்டன். ஒண்டில் பீப்பா, இல்லாட்டிப் பொண்டுகள்."

அவன் தேத்தண்ணி குடிக்கப் போனதும் படத்தைச் சுரண்டி எடுத்தேன். அந்த இடத்தில் சலவைச் சோடா என்று எழுதினேன். திரும்பி வந்தவனிடம், "அத இறக்கிட்டன், இது வேற," என்றேன். நம்பினான்.

உட்கார இடமில்லாமல் நின்ற சல்மா உம்மா பீப்பாயைக் காட்டி, "இதுல குந்தலாமா மகன்?" என்று கேட்டார்.

"ஓம் உம்மா, சோடாதான். நல்லாக் குந்துங்க."

வானம் கறுத்திருந்தது. லொறியை மூடும் படங்குத் துணியை வெளியிலிருந்து இறுகக் கட்டியதும் நான்தான். நிந்தவூர் தாண்டியதும் மாரி மழை அடித்து ஊற்றியது. படங்கின் கிழிசலால் தண்ணீர் இறங்கியிருக்க வேண்டும். கந்தகப் புகையில் மூச்சு முட்டி அவர்கள் பலகையைத் தட்டியது மழைச் சத்தத்தில் சாரதிக்குக் கேட்கவில்லை. சுவாலை வெளியே தெரிந்த பிறகே நிறுத்தினான். சல்மா உம்மா, சுல்பிகா, அவளுடைய கைக்குழந்தை. செத்த மற்றவர்களின் பெயர் உங்களிடம் இருக்கிறது.

அதற்காக நான் தலை குனியப் போவதில்லை. இப்படிச் சரக்கோடு ஆட்களை ஏற்றக் கூடாது என்று சட்டம் எழுதியவர்கள் மாரியில் இந்த வீதியால் ஒரு மூட்டைகூட அனுப்பியதில்லை. அவர்கள் சொன்னபடி நடந்தால் தறிகள் நின்றுபோகும், இதே பெண்கள்தான் பட்டினி கிடப்பார்கள். முன்பும் இப்படி அனுப்பியிருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை. மழை செய்ததை என் தலையில் கட்டாதீர்கள்.

என் மனைவி ஹப்ஸாவைப் பற்றி ஏன் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள்? அவளும் அந்தக் கலியாணத்துக்குத்தான் புறப்பட்டாள். லொறியில் ஏறியிருந்தவளைக் கையைப் பிடித்து இறக்கி பஸ்ஸில் அனுப்பினேன். உண்மைதான். அவளுக்கு லொறியில் போனால் தலை சுற்றும். அதைத் தவிர வேறு காரணம் இல்லை.