வட்டமா ஒரு ஓட்டை

நேவேனா: தலைய உள்ள விடாதீங்க அண்ணே! வண்டி லிஃப்ட்ல நிக்குது, காத்தை இன்னும் நான் இறக்கல.

ஸ்பாஸ்: இல்லம்மா, எங்கேயோ உஸ்ஸுன்னு கேக்குது... அதான் காத்து டேங்கா?

நேவேனா: அதேதான். கம்ப்ரசர் அதுலதான் காத்தை அடைச்சு வைக்கும். காலைல நீங்க எஞ்சினைப் போட்டதும் அந்தக் காத்து நாலு சக்கரத்துக்கு மேலயும் ஸ்பிரிங்குக்குப் பதிலா இருக்கிற காத்துப் பலூனுக்குப் பாஞ்சு, வண்டி சட்டுனு எந்திரிச்சு நிக்கும்.

ஸ்பாஸ்: டேங்க் காலியா இருந்தா?

நேவேனா: படுத்தே கெடக்கும். கம்ப்ரசர் தம் கட்டித் தூக்கணும்.

ஸ்பாஸ்: எவ்வளவு நேரம்?

நேவேனா: அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம்... ஏண்ணே, அடுப்புல பனிட்சா பலகாரம் வச்சவரு மாதிரி நேரம் கேக்குறீங்க?

ஸ்பாஸ்: சும்மா... தெரிஞ்சுக்கலாம்னுதான்.

நேவேனா: இப்ப எந்திரிக்கவே மாட்டேங்குதுன்னுதானே கொண்டாந்தீங்க?

ஸ்பாஸ்: ஆமா. போன சனிக்கிழமை மலைக் குடிலுக்குப் போறோம், பாதி வழியில வண்டியோட அடிவயிறு கல்லுல தட்டி நின்னுபோச்சு. வீட்டுக்காரி வெலிக்கா, "இனிமே நீ மட்டும் போ, நான் வீட்டுலயே கெடக்கேன்"னுட்டா. முப்பது வருஷமா ஒரு சனிக்கிழமை விட்டதில்ல நாங்க.

நேவேனா: பையன் என்ன சொல்றான்?

ஸ்பாஸ்: ப்ளவ்திவ் டவுன்ல உக்காந்துக்கிட்டு அறிவுரை. "இந்த யானைய வித்துட்டு சின்ன காரா வாங்கு"ங்கிறான். சின்ன காரு அந்தப் பாதையில ஏறுமா?

நேவேனா: எங்க ஏறும்! சரி, அந்த சோப்புத் தண்ணியக் குடுங்க... இதோ, குழாய் சேர்ற நட்டுகிட்ட நுரை வருது, பாத்தீங்களா?

ஸ்பாஸ்: ஓ... கழண்டிருக்குமோ?

நேவேனா: கழண்டதில்ல. கழட்டுனது. அரைச் சுத்து. ஸ்பேனர் பட்ட தழும்பு பளபளன்னு இருக்கு.

ஸ்பாஸ்: குளிர்காலத்துல ரோட்டுல உப்பு கொட்டுறாங்களே, அது...

நேவேனா: உப்பு ஸ்பேனர் புடிக்குமா அண்ணே?

ஸ்பாஸ்: ...இங்க பாரு, அடியிலயும் நுரை! இது என்ன? துருவா?

நேவேனா: துருவா இருக்கும்.

ஸ்பாஸ்: துரு இவ்வளவு வட்டமாவா திங்கும்?

நேவேனா: சில துருவுக்கு நல்ல பல்லு. நட்டுக்கு வாங்க.

ஸ்பாஸ்: இரும்மா. நீ பனி டயர் மாத்திக் குடுத்த நாள்ல இருந்துதான் வண்டி இப்படி ஒரேயடியா படுத்துருச்சு. அதுக்கு முன்னாடி அளவாத்தான்...

நேவேனா: அளவா? என்ன அளவா?

ஸ்பாஸ்: ஒண்ணுமில்ல. புது டேங்க் வந்துருச்சுல்ல, மாட்டு.

நேவேனா: காத்தை இறக்கியாச்சு. மூணு போல்ட், ஒரு குழாய். அரை மணி நேர வேலை.

ஸ்பாஸ்: நேவேனா... கொஞ்சூண்டு ஒழுகுற மாதிரி மாட்ட முடியுமா?

நேவேனா: அட! இப்படிக் கேக்குற ரெண்டாவது... சரி விடுங்க. எதுக்கு?

ஸ்பாஸ்: என்ன ரெண்டாவது?

நேவேனா: எதுக்குன்னு கேட்டேன்.

ஸ்பாஸ்: சிரிக்கக் கூடாது.

நேவேனா: சிரிக்கல.

ஸ்பாஸ்: நட்டைக் கழட்டுனது நான்தான்.

நேவேனா: அது லிஃப்ட்ல ஏத்துனப்பவே தெரிஞ்சுது. ஏன்?

ஸ்பாஸ்: வெலிக்காவுக்கு இடுப்பு முன்ன மாதிரி இல்ல. வெளியில சொல்லமாட்டா. நான் எஞ்சினைப் போட்டுட்டு கண்ணாடியில பனியச் சுரண்டுவேன், அதுக்குள்ள வண்டி ஒசந்துரும். அவ கதவுகிட்ட நின்னுக்கிட்டு பைக்குள்ள எதையோ தேடுவா. தேடுறதுக்கு அதுல ஒண்ணும் இருக்காது... எப்படி ஏறுறதுன்னு தெரியாம நிக்கிறா.

நேவேனா: வண்டியத் தாழவே வைக்க பட்டன் இருக்கேண்ணே.

ஸ்பாஸ்: அமுக்கிப் பாத்தேன். டிங்குன்னு மணியடிச்சு, திரையில எழுத்து வேற காட்டுது. "எனக்காகவா இறக்குன? நான் என்ன கிழவியா?"ன்னு அன்னிக்குப் பூரா பேசல. தானா இறங்கி நின்னா அவளுக்கு ரோஷம் வராது. "உன் வண்டிக்கு வயசாச்சு"ன்னு என்னைக் கிண்டல் பண்ணிக்கிட்டே ஏறிக்குவா.

நேவேனா: நல்லாத்தானே போச்சு?

ஸ்பாஸ்: ரெண்டு மாசம் ஜம்முனு போச்சு. அப்புறம்தான் இந்தப் பாழாப்போன ஓட்டை. அவ வர்றத நிறுத்திட்டா, எனக்குக் குடிலும் வேணாம், வண்டியும் வேணாம்.

நேவேனா: இப்படி வாங்க. வெளிச்சத்துல புடிச்சு டேங்கோட அடியப் பாருங்க.

ஸ்பாஸ்: இது... டிரில் போட்ட ஓட்டைம்மா! சத்தியமா நான் போடல. எந்தப் படுபாவி பண்ணுன வேலை?

நேவேனா: படுபாவி நான்தான். பனி டயர் மாத்த விட்டுட்டு நீங்க காப்பி குடிக்கப் போனீங்கல்ல, அப்ப வெலிக்கா அண்ணி வந்தாங்க. "நான் ஏறுனப்புறமும் அவரு கண்ணாடியில இல்லாத பனியச் சுரண்டிக்கிட்டே நிக்கிறாரு நேவேனா, அதுக்குள்ள வண்டி ஒசந்துருது, அவருக்கு முட்டி மடங்கல, ஏற முடியல, சொன்னா ரோஷம் வந்து வண்டிய வித்துருவாரு, சின்னதா ஒரு ஓட்டை போடு"ன்னு என் கையப் புடிச்சுக்கிட்டாங்க. நட்டை நீங்க ஏற்கெனவே கழட்டி வச்சிருக்கீங்கன்னு அப்ப எனக்கென்ன தெரியும்? இப்பச் சொல்லுங்க... புது டேங்க்ல ஓட்டை அவங்களுக்காகப் போடவா, உங்களுக்காகப் போடவா?